தெருவைத் தோண்டிய பல்

ஒரே ஒரு முன்பல்லை வைத்து ஒரு முழுத் தெருவையே தோண்டியவன் நான். அதுவும் என் பல் இல்லை, அடுத்தவர் பல். கடப்பாரையைத் தூக்கவில்லை, மண்வெட்டியைத் தொடவில்லை. பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான்பாட்டுக்கு நடந்தேன். தெரு என் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தது.

இதை முதல்முதலாகச் சொன்ன அன்றைக்கு என் சம்பந்தி ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அளந்து விடுங்க சம்பந்தி. உங்க வாய்க்கு வரியா, வட்டியா?" என்றார்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். எங்கள் இரண்டு பேருக்கும் மனைவிமார் போய்ச் சேர்ந்துவிட்டதால், மகளும் மாப்பிள்ளையும் இந்த இரண்டு கிழங்களையும் ஒரே வீட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் அரசாங்க அலுவலகத்தில் ஆயுள் முழுக்க நாற்காலி தேய்த்தவர். நான் பஸ் கண்டக்டர். அவருக்கு விதிமுறை, எனக்கு விசில். காலையில் கண் விழித்ததும் "முறைப்படி" என்று ஒரு தடவை சொன்னால்தான் அவருக்குப் பொழுது விடியும். பல் துலக்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். துலக்கத்தான் பல் இல்லை. மேலும் கீழும் எல்லாம் கொட்டிப்போய், புது பல்செட்டுக்காகக் காத்திருந்த நேரம் அது.

அந்த பல்செட்டைச் செய்ய வேண்டியது என் மகள். அவள் ஒரு பல் பட்டறை வைத்திருக்கிறாள். கடைத்தெருவில் நாலு படி கீழே இறங்கிப் போகிற மாதிரி ஓர் இடம். பல் டாக்டர்கள் வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டு அளவு எடுத்து, அதை இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். இவளும் இவளிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் அதைக் கம்ப்யூட்டரில் திருத்தி, மெஷினில் கடைந்து, சூளையில் சுட்டு, சாயம் தீட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பல்லைக் கொண்டுபோய் வாயில் பொருத்தினால் பக்கத்துப் பல்லுக்கே சந்தேகம் வராது. பிறந்ததிலிருந்து கூட இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும்.

வேலையில் குறையே கிடையாது. குறையெல்லாம் கம்பியில். பட்டறைக்கு வந்துகொண்டிருந்தது ஆதிகாலத்து டெலிபோன் கம்பி. அதன் வழியாக ஒரு கடைவாய்ப்பல் இறங்கி முடிவதற்குள் நோயாளிக்கு அடுத்த பல் ஆட ஆரம்பித்துவிடும். மழை பெய்தால் கம்பிக்கு ஜலதோஷம். ஒரு சின்னப் பையனுக்கு அளவு வந்தது. முழுசாக வந்து சேர்வதற்குள் அவனுக்கு மீசை முளைத்துவிட்டது. சரி, அரும்பு மீசை.

அதனால்தான், பழைய கம்பியையெல்லாம் எடுத்துவிட்டுக் கடைகளுக்கெல்லாம் ஃபைபர் போடப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்தபோது, தெருவிலேயே முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் என் மகள். பட்டறைக்கு நேர் எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகையும் வந்து நின்றது. "தடையே இல்லாத வேகம்" என்று எழுதி, பக்கத்தில் கம்பெனியின் வட்டார மேனேஜர் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பல்லழகர் என்று பேர் வைத்தேன்.

இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். பழைய கம்பியைக் குறடால் கடக்கென்று வெட்டினார்கள். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். "புதுசை சாப்பிட்டுட்டு வந்து போட்டுடறோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எந்த நாட்டுக்குச் சாப்பிடப் போனார்களோ, அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மகளின் பிழைப்பில் பெரும்பங்கு ஒரு பல் ஆஸ்பத்திரியை நம்பித்தான். ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. விடிந்தால் அடைந்தால் அங்கிருந்துதான் அளவு வந்துகொண்டே இருக்கும். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் நோயாளிகளை வாய் திறந்தபடி எத்தனை நாள் உட்கார வைப்பார்கள்? "வெள்ளிக்கிழமைக்குள்ள லைன் வரலைன்னா வேற பட்டறைக்குக் குடுத்துடுவோம், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் பட்டறைக்குப் பூட்டு. அந்த இரண்டு பெண்களும் வீட்டுக்கு.

கம்பெனிக்கு போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் ஒரு குயில் கூவியது.

"உங்க கோரிக்கையை முடிச்சு வச்சாச்சுங்க மேடம்."

"முடிச்சாச்சா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா!"

"நாங்க வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் பண்ணினோம் மேடம். யாரும் எடுக்கலை. அதனால 'வாடிக்கையாளர் இல்லை'ன்னு போட்டு முடிச்சுட்டாங்க."

"எந்த நம்பருக்குப் பண்ணினீங்க?"

குயில் நம்பரைப் படித்தது. அது பட்டறையின் பழைய நம்பர். அவர்களே வெட்டி, அவர்களே சுருட்டி, அவர்களே தோளில் போட்டுக்கொண்டு போன கம்பியின் நம்பர்!

"அம்மா, அந்தக் கம்பியைத்தானே நீங்க வெட்டிட்டுப் போனீங்க? அது எப்படி அடிக்கும்?"

"ஆனா அதுதானே மேடம் பதிவு பண்ணின நம்பர்."

"அப்ப என் செல் நம்பரைப் பதிவு பண்ணிக்கோங்க."

"தாராளமா மேடம். நம்பர் மாத்தணும்னா உறுதி பண்ணறதுக்குப் பழைய நம்பருக்கு ஒரு போன் வரும். அதை எடுத்தீங்கன்னா மாத்திடலாம்."

எனக்கு உச்சந்தலையில் சோறு பொங்கிற்று. பாலத்தை இடித்துவிட்டு, "பயணி ஆற்றைக் கடக்க வரவில்லை" என்று எழுதுகிறவனை என்ன செய்யலாம்? மூக்கை அறுத்துவிட்டு, "ஏன் தும்மவில்லை?" என்று கேட்கிறவனை? என் காலத்தில் பஸ்ஸில் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டியே விடாமல், நிறுத்தத்தில் நிற்கிற ஜனத்தைப் பார்த்து "நீங்கள் இல்லை" என்று சொன்னவன் எவனும் கிடையாது.

வீட்டுக்கு வந்து சம்பந்தியிடம் சொன்னேன். அவர் பொக்கை வாயால் சிரித்தார்.

"இருக்காது. எந்தக் கம்பெனியாவது தான் வெட்டின நம்பருக்குத் தானே போன் பண்ணுமா? நீங்க கத்தியிருப்பீங்க, அந்தப் பொண்ணு பயந்து போனை வச்சிருக்கும். முறைப்படி கேட்டா முறைப்படி வருவாங்க."

"நீங்க வேணா கேட்டுப் பாருங்களேன்."

"மருமகளோட விவகாரத்துல நான் தலையிடறது முறையில்லை."

இவரிடம் என்ன பேசுவது?

பட்டறை பள்ளத்தில் இருப்பதால் செல்போனுக்கு டவர் கிடைக்காது. மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை பஸ் ஸ்டாப்புக்குப் போவாள். அந்தச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் வழியாக அளவுகளை இறக்கப் பார்ப்பாள். மேல்தாடை வரும், கீழ்த்தாடை வராது. பாதிப் பல்லோடு நின்றுவிடும். மறுபடியும் முதலிலிருந்து. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், யாரோ ஒரு பெண் திரையில் எலும்புக்கூட்டுத் தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தள்ளித் தள்ளி நின்றார்கள்.

ஒரு நாள் நான் போனபோது முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா அம்மா?"

"வெயில்ப்பா."

வெயில் முதுகுப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தாலும் பல்லழகர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளங்கையை நீட்டி, ஒற்றைக் கண்ணை மூடி, அவர் வாயை மட்டும் மறைத்தேன். அன்றையிலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதே வேலை. அவருடைய நெற்றி, புருவம், காது மடல் எல்லாம் எனக்கு மனப்பாடம். வாய் மட்டும் என் கைக்குப் பின்னால்.

வியாழக்கிழமை காலையில் சம்பந்திக்கு ஈறு வீங்கிவிட்டது. பக்கத்துத் தெரு பல் டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவரை உள்ளே நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வெளியே உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் கோட்டு போட்ட ஒரு மனிதர். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

நெற்றியைப் பார்த்தேன். புருவத்தைப் பார்த்தேன். காது மடலைப் பார்த்தேன். வாயைத்தான் காணோம். அடடா! இந்த முகத்தை இந்தக் கோலத்தில் இந்த உலகத்திலேயே அடையாளம் தெரிந்த ஒரே ஆள் நான்தானே!

உதவிப் பெண் வெளியே வந்தாள். "சார், உங்க பல்லுக்கு அளவு எடுத்தாச்சு. ஆனா பட்டறைக்கு அனுப்ப முடியலை. அவங்க லைன் கட்டாயிடுச்சாம்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். முன்பல் ஒன்று அரையாகிப் போயிருந்தது. பாதாம்கொட்டையைக் கடித்தாராம். "சனிக்கிழமை மேடையில நிக்கணும்மா! கேமரா, பேப்பர்காரங்க, எல்லாரும் வர்றாங்க! நான் சிரிக்கணும்!" ஒவ்வொரு "ச"வுக்கும் அந்த ஓட்டை வழியாக விசில் வந்தது. என் பழைய டிரைவர் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் வண்டியை எடுத்தே இருப்பார்.

நான் எழுந்து கை கட்டி நின்றேன். எனக்கு அவ்வளவு பணிவு வரும் என்று எனக்கே தெரியாது.

"ஐயா, அந்தப் பட்டறை என் மகளோடதுதான். அளவை பென் டிரைவ்ல போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, நான் கொண்டுபோறேன். நீங்களும் கூட வந்துட்டீங்கன்னா பல்லுக்கு நிறம் பார்த்துடலாம்."

பல்லழகரின் பல் என் சட்டைப் பைக்குள் இறங்கியது இப்படித்தான். சம்பந்தியை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லிவிட்டு, கம்பெனிக் காரில் ஏறினேன். தன்னை வாய் திறந்தபடி விட்டுவிட்டுப் போனதற்கு அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பட்டறை வாசலில் இறங்கியதும் பல்லழகர் எதிரே இருந்த தன் படத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். கீழே இறங்கினோம். நான் பென் டிரைவை மகளிடம் கொடுத்து, காதில் ஆள் யார் என்று சொன்னேன். அவள் மூக்கு விடைத்தது. பென் டிரைவோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, நிற அட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள்.

"உக்காருங்க சார். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, வாடிக்கையாளர் இருக்காரான்னு உறுதி பண்ணிக்கறது வழக்கம். டாக்டர்கிட்ட எந்த நம்பர் குடுத்தீங்க?"

"ஆபீஸ் நம்பர். ஏன்?"

செல்போனை எடுத்துக்கொண்டு நாலு படி ஏறி நின்றாள். அந்த நம்பருக்குப் போட்டாள். மணி அடித்தது எங்களுக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டாள்.

"யாரும் எடுக்கலை சார். வாடிக்கையாளர் இல்லை. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"என்னம்மா சொல்றே? நான் இங்கே உன் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்!"

"இருக்கலாம் சார். ஆனா பதிவு பண்ணின நம்பர்ல நீங்க இல்லையே."

"இது என்ன கிறுக்குத்தனம்? எவன் போட்ட சட்டம் இது?"

"நீங்க போட்டது சார்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவர் கையை வீசினார். "எங்க கம்பெனியில அப்படி இருக்க வாய்ப்பே இல்லை!"

"வாங்க, நீங்களே கேளுங்க."

படியில் நின்று கஸ்டமர் கேருக்குப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். குயில் கூவியது. அதே பாட்டு. பழைய நம்பர், யாரும் எடுக்கவில்லை, முடித்தாகிவிட்டது, மாற்ற வேண்டுமானால் பழைய நம்பரில் உறுதி செய்யவேண்டும்.

"ஏம்மா, நான் யார் தெரியுமா? இந்த வட்டாரத்து மேனேஜர் பேசறேன்!" விசில் பறந்தது.

"தெரியலைங்க சார். அப்படின்னா உங்க பதிவு பண்ணின நம்பர்லேர்ந்து கூப்பிடுங்க சார்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்கியதில் என் விலா எலும்பில் பாதி முறிந்துவிட்டது.

மகள் சிரிக்கவில்லை. "வெட்டினது நீங்க. கூப்பிட்டது நீங்க. எடுக்கலைன்னு எழுதினதும் நீங்க. இதுல நான் எங்கே சார் இருக்கேன்? தினமும் அந்த பஸ் ஸ்டாப்புல, உங்க படத்தையே பாத்துக்கிட்டு, நடுத்தெருவுல உக்காந்திருக்கேன். ஊரே பாத்துச்சு. உங்களுக்கு மட்டும் நான் இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரி வேலை போகுது. என்னை நம்பி ரெண்டு பொண்ணுங்க உள்ளே இருக்காங்க. அவங்களையும் 'இல்லை'ன்னு போட்டு முடிச்சுடுவீங்களா?"

பல்லழகர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் எதிரே அவருடைய படம்தான் தெரியும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் செல்போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட ஆரம்பித்தார். அவர் போட்ட விசிலில் ஒரு பெரிய டிப்போவே கிளம்பியிருக்கும்.

அரை நாள் ஆகவில்லை. வண்டி வந்தது, ஆள் வந்தார்கள், தோண்டுகிற யந்திரம் வந்தது. முன்னால் ஏணியோடு வந்தவர்கள் அதே இரண்டு பேர். "சாப்பாடு பலமோ?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்கள். ஃபைபர் போகவேண்டிய குழாய் தெருமுனையில் மண் அடைத்துக் கிடந்ததால், அங்கிருந்து பட்டறை வரைக்கும் தோண்ட வேண்டியதாயிற்று. அச்சகக்காரர் ஓடி வந்து "எங்களுக்கும்" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் வந்தார், தையற்கடை அம்மா வந்தார். நான் என் பழைய விசிலை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று லாரிகளைத் திருப்பி விட்டேன். வானத்தில் போன விமானங்கூட ஒரு நிமிஷம் நின்று எனக்கு வழி கேட்டுவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே பட்டறைச் சுவரில் இருந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஆஸ்பத்திரியில் தேங்கிக் கிடந்த பல்லெல்லாம் மடைதிறந்த மாதிரி கொட்டின. அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மகள் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேலை கிடக்கு" என்றாள். கண் மட்டும் வெயிலில் இருந்தது மாதிரி இருந்தது. பட்டறைக்குள் ஏது வெயில்?

பல்லழகர் தன் பல்லைப் பொருத்திக்கொண்டு சனிக்கிழமை மேடையில் சிரித்தார். அன்றைக்கு நான் மகளிடம் கேட்டேன். "அந்த ஆள் தோண்டாமப் போயிருந்தா பல்லைக் குடுத்திருப்பியா?"

"நீங்க பென் டிரைவைக் குடுத்ததுமே மெஷின்ல போட்டுட்டேன்ப்பா. நான் அவருக்கு போன் பண்ணும்போது பல்லு உள்ளே கடைஞ்சுக்கிட்டிருந்துச்சு. பல்லு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவளைப் பெற்றது நான்தானா என்று அப்போது எனக்கே சந்தேகம் வந்தது.

இதையெல்லாம்தான் சம்பந்தியிடம் சொன்னேன். ஒரு வார்த்தை நம்பவில்லை. "தெருவைத் தோண்டறது முன்னாடியே திட்டத்துல இருந்திருக்கும். முறைப்படி வந்திருக்காங்க. ஒரு மேனேஜரைப் பாத்து 'நீ இல்லை'ன்னு சொன்னாளாம், அவனும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தானாம்! என் மருமக அப்படிப் பேசறவளே இல்லை." மகளைக் கேட்டால் அவள் "மாமா, எனக்கு வேலை இருக்கு" என்று நழுவிவிடுவாள். சாட்சியும் போயிற்று.

அடுத்த வாரம் அவருடைய பல்செட் தயாராயிற்று. டாக்டரம்மா பொருத்தி அனுப்பினார். கடைசியாக ஓர் இடத்தில் லேசாகத் தேய்த்துவிட வேண்டும் என்று பட்டறைக்கு அழைத்துப் போனேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவருக்குப் பல் வந்ததும் சொல்லும் சேர்ந்து வந்துவிட்டது. வழியெல்லாம் முறைப்படி, முறைப்படி என்று கடித்துத் துப்பிக்கொண்டே வந்தார்.

மகள் உள்ளே தேய்ப்பதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த போன் அடித்தது. புது லைனில், அதே பழைய நம்பர். பக்கத்தில் இருந்த சம்பந்தி எடுத்தார். குரல் தெளிவாகக் கேட்டது. குயில்!

"வணக்கம் சார். உங்க புது இணைப்புக் கோரிக்கை விஷயமா கூப்பிடறோம். பல தடவை முயற்சி பண்ணியும் நீங்க கிடைக்காததால, 'வாடிக்கையாளர் இல்லை'ன்னு முடிச்சு வச்சிருக்கோம் சார்."

"ஏம்மா, இப்ப என்கூடப் பேசிக்கிட்டிருக்கியே, இது எந்த லைன்?"

"உங்க புது லைன் சார்."

"அப்ப லைன் இருக்கு. நானும் இருக்கேன். இல்லையா?"

"இருக்கீங்க சார். ஆனா இல்லைன்னு பதிவாயிருக்கு. மாத்தணும்னா நீங்க மறுபடியும் முதல்லேர்ந்து விண்ணப்பிக்கணும். அதுக்கு முன்னாடி இந்த லைனை வெட்ட ஆள் வருவாங்க சார்."

சம்பந்தியின் முகம் சிவந்தது. கழுத்து சிவந்தது. முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து சேர்த்து வைத்த பொறுமையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"வெட்டுவியா? வந்து பாரு! நான் வாசல்லயே உக்காந்திருக்கேன். எவன் ஏணியோட வர்றான்னு பாக்கறேன்! முறையாம் முறை, யாருடைய முறைடீ இது?"

ரிசீவரை வைத்தார், புது பல் ஒருமுறை கடகடத்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறி வெளியே போனார். தெருமுனையிலிருந்து பட்டறை வரைக்கும் புதுசாக மூடியிருந்த மண்ணை நடந்து நடந்து பார்த்தார். எதிரே சிரித்துக்கொண்டிருந்த பல்லழகரையும் பார்த்தார். உள்ளங்கையை நீட்டி அந்த வாயை மறைத்தார்.

திரும்பி வந்து, நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நடந்துதான் இருக்கு சம்பந்தி," என்றார். "எல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு. ஆனா முழுத் தெருன்னீங்களே, அது பாதித் தெருதான்."